முளைப்பாரி முதலாளி

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் குமாஸ்தா நான். வருஷா வருஷம் 'ரின்யூ' ஆகுமா என்று மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பாதி வயசு போயாச்சு. கைவசம் ஒரு தொழில் இருக்கட்டுமே என்று ஸ்ரீபெரும்புதூர் வாடகை வீட்டில் ஆரம்பித்ததுதான் மைக்ரோகிரீன்ஸ்.

பெரிய வித்தையில்லை சார். தட்டில் தென்னை நார்த்தூளைப் பரப்பி, வெந்தயமோ கடுகோ முள்ளங்கி விதையோ தூவி, மூன்று நாள் இருட்டு, அப்புறம் வெளிச்சம். பத்து நாளில் அறுவடை! 2012-ல் அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் 25 வகையைச் சோதித்து, பலவற்றில் முற்றிய இலையைவிட வைட்டமின் பல மடங்கு என்றார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அம்மா எட்டிப் பார்த்து, "இது நம்ம முளைப்பாரிடா! இதுக்கா அமெரிக்கா வரைக்கும் போனே?" என்றாள்.

முதல் மாசமே அடைமழை. எட்டுத் தட்டிலும் வெள்ளைப் பூஞ்சணம். போட்ட ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குப்பைக்கு! "இவ்ளோ நெருக்கித் தூவினா காத்து எங்கேடா போகும்?" அம்மாதான் கண்டுபிடித்தாள்.

அடுத்த ஈடு நன்றாக வந்தது. வெட்டி, பாக்கெட் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். "ஆட்டுக்காப்பா?" என்றார்கள். சாயங்காலத்துக்குள் கீரை துவண்டுவிட்டது. நானும்தான்.

இப்போது வெட்டுவதே இல்லை. தட்டோடு கொடுக்கிறேன், வேண்டியபோது கத்தரித்துக்கொள்ளட்டும். ஆறு வீடு வாடிக்கை. அதில் ஒன்று மேனேஜர் வீடு!

என் கான்ட்ராக்ட் பேப்பர் இன்னும் வரவில்லை. வெந்தயத் தட்டு மட்டும் வாரம் தவறாமல் ரின்யூ ஆகிறது.