ஜவ்வரிசிக்கு ஒரு பெயர் வேண்டும்

கரிவலம்வந்தநல்லூர் கல்யாணப் பந்தியில் பாயசம் என்றால் சேமியாவோடு ஜவ்வரிசியும் இருக்கும். கோடையில் மொட்டை மாடியில் காய்வது ஜவ்வரிசி வத்தல். வயிறு சரியில்லை என்றால் ஜவ்வரிசிக் கஞ்சி. ஆனால் பலசரக்குக் கடையில் "அரைக்கிலோ ஜவ்வரிசி குடுங்க அண்ணாச்சி" என்று கேட்பவர்கள் யாரும், அது எந்தக் கம்பெனி என்று கேட்பதில்லை. அதே கடையில் குளிர்பானம் வாங்கும்போது மட்டும் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஏன்?

பதிலுக்குப் பிலிப்பைன்ஸ் வரை போய் வரலாம். அங்கே தெருவோரத்தில் காலங்காலமாக விற்கும் ஒரு பானம் உண்டு. சர்க்கரைப் பாகுத் தண்ணீர், ஐஸ், ஜவ்வரிசி, குலாமன். குலாமன் வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் கடல்பாசிதான்! மதுரை ஜிகர்தண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1999-ல் ஜெனிவீவ் லிம் சாண்டோஸ் என்ற பெண், இந்தப் பழகிய ஜவ்வரிசியை நுரைக்க நுரைக்க அடித்த ஐஸ் பானத்தில் போட்டு, 'ஸாகு' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். உருண்டை ஏறி வருகிற மாதிரி தடித்த உறிஞ்சுகுழல், ஒருவர் நின்று விற்கும் அளவுக்குச் சின்னக் கடை. பெரிய இடமும் வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். பிறகு அந்தப் பெயரை வைத்துக் கடை நடத்தும் உரிமையை மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். கடைகள் பெருகின. தைவானில் 1980-களில் பிறந்த முத்து டீயும் இப்படித்தான் உலகம் சுற்றியது. ஒரு கோப்பையில் இருக்கும் ஜவ்வரிசி ஒரு கைப்பிடிதான். லாபம் அந்தக் கைப்பிடியில் இல்லை, கோப்பை மேல் இருக்கும் பெயரில் இருக்கிறது.

சரி, நம்மிடம் ஜவ்வரிசி இல்லையா? சேலத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் அதுதானே! இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலம் மாணிக்கம் செட்டியார் போன்றவர்கள் மரவள்ளிக் கிழங்கில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பால் பிழிந்து, தொட்டியில் மாவைப் படியவிட்டு, குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. 1981-ல் உற்பத்தியாளர்கள் சேகோசர்வ் என்ற கூட்டுறவு சங்கத்தை அமைத்தார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஆனாலும் அது மூட்டையில்தான் போகிறது. மகாராஷ்டிராவில் விரத நாட்களில் கிச்சடி ஆகிறது. சாப்பிடுகிறவருக்குச் சேலம் ஞாபகம் வருமா என்பது சந்தேகம்தான். பத்து மாதம் காத்திருந்து கிழங்கு பிடுங்கும் விவசாயிக்கு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை போடுகிறார்கள். மக்காச்சோள மாவு கலப்படம் என்ற புகார் வேறு. பெயர் இல்லாத சரக்கில் கலப்பதும் சுலபம், விலையை அடிப்பதும் சுலபம்.

பெயர் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாதுதான். இன்று கூட்டம் கூடும் பானத்தை நாளைக்கு ஆள் சீண்டாமலும் போகலாம். ஆனால் கரிவலத்திலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் வருகிற விருதுநகரைப் பாருங்கள். 1916-ல் பழனியப்ப நாடார் அங்கே தொடங்கிய காளிமார்க், பெப்சியும் கோக்கும் வந்த பிறகும் காணாமல் போகவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம்: கடைக்கு வருகிறவர் "கலர் குடுங்க" என்று கேட்பதில்லை, "பவண்டோ குடுங்க" என்று கேட்கிறார்.

மரவள்ளியும் நம்முடையது, ஜவ்வரிசியும் நம்முடையது, பாலும் நன்னாரி சர்பத்தும் பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது. அடிக்கிற வெயிலுக்கோ குறைச்சலே இல்லை. படித்து முடித்துவிட்டு வேலைக்காகச் சென்னைக்கு பஸ் ஏறும் பிள்ளைகளில் யாராவது ஒருத்தர், ஏறுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் என்ன?