இருட்டில் மூச்சைப் பார்த்த பிள்ளைகள்

2018 ஜூன் 23, சனி

தாய்லாந்தின் வடகோடியில், மியன்மார் எல்லையை ஒட்டிய ஊர் மே சாய். கால்பந்துப் பயிற்சி முடிந்ததும் ‘காட்டுப்பன்றிகள்’ அணியின் 12 சிறுவர்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு தாம் லுவாங் குகைக்குப் போகிறார்கள். கூடவே துணைப் பயிற்சியாளர் ஏக்கபோல் சந்தவோங்; அவருக்கே வயது 25தான். சுமார் பத்து கிலோமீட்டர் நீளமுள்ள குகை அது. வெளியே மழை வலுக்கிறது. திரும்பும் வழியை வெள்ளம் அடைத்துவிடுகிறது.

ஜூன் கடைசி வாரம்

உள்ளே சாப்பாடு இல்லை. பாறையில் வடியும் நீரைக் குடிக்கிறார்கள். கையில் கிடைத்த கற்களால் சுவரைத் தோண்டிப் பார்க்கிறார்கள். பசியும் குளிரும் இருட்டும் சேர்ந்தால் பெரியவர்களே நிலைகுலைந்து போவார்கள். இவர்களோ பள்ளிப் பிள்ளைகள்.

ஏக்கபோல் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பௌத்த விகாரையில் சாமணேரராக, அதாவது இளந்துறவியாக, வளர்ந்து, பல ஆண்டுகள் துறவியாக இருந்துவிட்டு, பாட்டியைப் பார்த்துக்கொள்வதற்காகக் காவியைக் களைந்தவர். விகாரையில் கற்ற தியானத்தைத்தான் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். பதறாமல் இருக்க வேண்டும், உடம்பில் மிச்சமிருக்கும் சக்தியை வீணாக்கக் கூடாது என்பதே நோக்கம்.

தாய்லாந்து விகாரைகளில் பரவலாகக் கற்பிக்கப்படும் முறை மிக எளியது. மூச்சு உள்ளே போகும்போது மனத்துக்குள் ‘புத்’, வெளியே வரும்போது ‘தோ’. மூச்சை இழுத்துப் பிடிப்பதில்லை, எண்ணி அளப்பதில்லை. அது வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. மனம் வீட்டுக்கு ஓடும், சோற்றுக்கு ஓடும். ஓடியது தெரிந்ததும், கோபித்துக்கொள்ளாமல் அடுத்த மூச்சுக்குத் திரும்ப வேண்டும். இப்படிச் செய்தால் பயம் போய்விடுமா? போகாது. ஆனால் ‘இனி என்ன ஆகுமோ’ என்ற எண்ணம் இன்னொன்றைக் கிளப்பி, அது வேறொன்றைக் கிளப்பி நீண்டுகொண்டே போவது அங்கங்கே அறுபடும். அந்தச் சிறு இடைவெளிதான் இந்தப் பயிற்சி தரும் பலன். பதின்மூன்று பேர் ஒரு சேற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது சின்ன விஷயமல்ல.

மூச்சைக் கவனித்தால் பதற்றம் தணிவதற்கு உடம்புக்குள்ளும் காரணம் உண்டு. வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றே தணிக்கிறது; அமைதியாக இருக்கும்போது மூச்சு தானாகவே மெதுவாகி, வெளிமூச்சும் நீள்கிறது. அழுது அலறும் உடம்பைவிட அடங்கி இருக்கும் உடம்புக்குக் குறைந்த ஆக்சிஜனே போதும்.

ஜூலை 2, திங்கள்

இரவில், தேடி வந்த பிரிட்டன் முக்குளிப்பாளர்கள் ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலாந்தனும் அவர்களைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒன்பது நாள் பட்டினிக்குப் பிறகும் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் காணொளியைப் பார்த்து உலகமே வியக்கிறது. இதை முழுக்கத் தியானத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. சேர்ந்து விளையாடிய பழக்கம் இருந்தது. நம்பத்தக்க ஓர் அண்ணன் பக்கத்தில் இருந்தார். ஆனாலும் அந்த அண்ணன் கற்றுக்கொடுத்தது என்ன என்பது முக்கியம்.

ஜூலை 6, வெள்ளி

குகைக்குள் ஆக்சிஜன் உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குணான், கடற்படையின் முன்னாள் சிறப்புப் படை வீரர், இறந்துபோகிறார். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் அளவு சுமார் 15 சதவீதம். வெளிக்காற்றில் அது 21. மூடிய இடத்தில் கரியமிலவாயு ஏறும்போதுதான் மூச்சு முட்டுகிற தவிப்பு வரும். மூச்சைக் கவனிப்பது காற்றை உண்டாக்காது. காற்றுக்குக் குழாயும் உருளையும் வேண்டும், வெள்ளம் வடிய பம்புகள் வேண்டும், உயிரைப் பணயம் வைக்கும் மனிதர்கள் வேண்டும்.

ஜூலை 8 முதல் 10 வரை

முதல் நாள் நான்கு பேர், மறுநாள் நான்கு பேர், கடைசி நாளில் மீதிப் பிள்ளைகளும் ஏக்கபோலும் மீட்கப்படுகிறார்கள். ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் மருந்து கொடுத்து அவர்களை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்த பிறகே முக்குளிப்பாளர்கள் நீருக்கடியில் கொண்டுவருகிறார்கள். கலங்கிய வெள்ளத்தில் ஒரு பிள்ளை பதறினால் இருவர் உயிரும் போகும். மருந்து தேவைப்படும் இடத்தில் மருந்துதான். தியானத்தைப் போற்றுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

ஜூலை 14, சனி

சியாங் ராய் மருத்துவமனை. பிள்ளைகள் ஓரளவு தேறியதும் சமன் குணான் இறந்த செய்தியைச் சொல்கிறார்கள். அவர்கள் அழுகிறார்கள். அவருடைய உருவப்படத்தைச் சுற்றித் தங்கள் நன்றியை எழுதுகிறார்கள்.

இந்த அழுகையைக் குகையில் காத்த அமைதியின் தோல்வி என்று யாராவது நினைத்தால், மூச்சுப் பயிற்சியையே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மூச்சைக் கவனிக்கும் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகள் அதற்கு வந்தார்கள். வலியை விரட்டும்படி அவர்களிடம் சொல்லப்படவில்லை. வலி எங்கே இருக்கிறது, எரிகிறதா, துடிக்கிறதா, கூடுகிறதா, குறைகிறதா என்று மூச்சின் துணையோடு பார்க்கச் சொன்னார்கள். துக்கத்துக்கும் அதே வழிதான். நெஞ்சு அடைக்கிறது, தொண்டை இறுகுகிறது, கண்ணீர் வருகிறது. மூச்சும் கூடவே ஓடுகிறது. எதையும் அடக்க வேண்டியதில்லை.

ஜூலை 25, புதன்

பதினொரு சிறுவர்கள் சாமணேரர்களாகவும் ஏக்கபோல் பிக்குவாகவும் துறவு ஏற்கிறார்கள். அந்தப் புண்ணியத்தைச் சமன் குணானுக்குச் சமர்ப்பிக்கிறார்கள். ஒரு சிறுவன் கிறிஸ்தவன். அவன் இதில் சேரவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்பு செய்தியாளர்கள் அவர்களைச் சந்தித்தபோது, கேள்விகளை மனநல வல்லுநர்கள் முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நல்ல முன்னெச்சரிக்கை. தியானத்திலும் அது தேவை. மூச்சுத் திணறலையோ பேரதிர்ச்சியையோ அனுபவித்தவர்களில் சிலருக்கு, மூச்சைக் கவனிப்பதே பழைய பயத்தைக் கிளப்பிவிடும். அவர்களை வற்புறுத்தி உட்கார வைக்கக் கூடாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளங்கால் தரையில் படுவதையோ வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனிக்கச் சொல்லலாம். அதுவும் தாங்கவில்லை என்றால் எழுந்து நடக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம், மருத்துவரைப் பார்க்கலாம்.