வேலைக்கு முந்தைய படம்

சாலையை வெட்டிப் பிளக்காமலே அடியில் குழாய் பதிக்க முடியும். குழிக்குள் ஹைட்ராலிக் ஜாக்கிகளை நிறுத்தி, குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குள் தள்ளுவார்கள். மேலே பஸ் ஓடும், கடை திறந்திருக்கும். ஆனால் குழாயின் முனையில் அள்ளும் மண் அளவு மீறினால் தரை தாழும். இன்னொரு முறையில், பழைய குழாயை உடைத்துக்கொண்டே அதைவிடப் பெரியதை இழுத்தால் தரை மேலெழும்பலாம். தொடக்கத்தில் எல்லாம் மில்லிமீட்டர் கணக்குதான். கண்ணுக்குத் தெரியும்போது சுவரில் விரிசல் விழுந்திருக்கும்.

இதைப் போட்டோ முன்கூட்டியே பிடித்துவிடும். தரையிலும் சுவரிலும் குறிகளை ஒட்டிப் பல கோணங்களில் படமெடுத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு குறியும் இருக்கும் இடம் கிடைக்கும். மறுபடி எடுத்து ஒப்பிட்டால் நகர்வு தெரியும். 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க ஏறி, கீழே விழ இருந்து தப்பிய ஆல்பிரெக்ட் மைடன்பாவர்தான், கட்டடத்தைப் படத்திலேயே அளக்கலாமே என்று முனைந்தவர். ஆய்வாளர்கள் ஒயிட், டேக், போல்ட்டன் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வக முறையில், மணலில் தனியாகக் குறிகூடப் பதிக்க வேண்டாம். மணலின் இயல்பான தோற்றமே போதும்.

கருவி எதுவானாலும் இரண்டு விதிகள் மாறாது. முதல் படத்தை வேலை தொடங்குமுன் எடுத்துவிட வேண்டும். ஒப்பிடும் ஆதாரப் புள்ளி, பாதிப்பு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். அதுவும் சேர்ந்து தாழ்ந்தால், எல்லாம் சரியாக இருப்பதாகவே கணக்கு வரும்.

குடும்பத்துக்கும் இதுதான். கடனும் நோயும் மனக்கசப்பும், மேலே எல்லாம் நன்றாக நடக்கும்போதே அடியில் வேலை செய்பவை. கையில் காசு புழங்கும்போதே வரவு செலவை எழுதி வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆதாரப் புள்ளி விதியும் அப்படியே. “நான் மாறிவிட்டேனா?” என்று கூட்டாளியிடம் கேட்காதீர்கள். அவர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் உங்களோடு சேர்ந்து அவரும் நகர்ந்திருப்பார். உங்கள் லாபத்தில் பங்கில்லாத, உங்கள் கோபத்துக்கு அஞ்சாத ஒருவரிடம் கேளுங்கள். பழைய வாத்தியாராக இருக்கலாம், ஊரில் இருக்கும் அத்தையாக இருக்கலாம். அவர் சொல்வது கசந்தாலும் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் தெரிந்தால் ஜாக்கியை நிறுத்திச் சரிசெய்யலாம். விரிசலில் தெரிந்தால் சுவரை இடித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.