மோனை அறுந்த மலை

கண்டியில், பாற்கடல் எனப் பெயர்பெற்ற ஏரியின் கரையில் நிற்கிறோம், கண்ணுசாமி. அந்தி வழிபாட்டுக்குத் தலதா மாளிகையில் ஹேவிசி மேளம் முழங்குகிறது. முகில்மதிலின் முக்கோண மாடங்கள் விளக்கேற்றும் நாளை எதிர்பார்த்து இருண்டு கிடக்கின்றன. எண்கோண மண்டபத்தின் நிழல் நீரில் நெளிகிறது. ஏரியும் மதிலும் மண்டபமும் நின் நாளில் தேவேந்திர மூலாச்சாரியின் கைத்திறத்தால் எழுந்தவை. 1807-இல் தொடங்கிய ஏரிவேலையில் குடிகள் ராஜகாரியம் என்ற பெயரால் கூலியின்றி மண் சுமந்து நைந்தனர். நீர் அதை நினைவில் வைத்திருப்பதில்லை. கரையோரம் கடலை விற்பவன் கூவுகிறான். பள்ளிப் பிள்ளைகள் மீனுக்குப் பொரி இறைக்கின்றனர். நீ யாண்டுளை?

1798-இல் தலைமை அமைச்சன் பிலிமத்தலாவை நின்னை அரியணையில் ஏற்றியபோது நினக்கு அகவை பதினெட்டு. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று அன்று சூட்டினர். முன்னோர் சூடிய சிங்கப் பட்டத்தையே நினக்கும் அளவு பார்த்து அணிவித்தனர். கண்ணுசாமி அதற்கு முந்தைய பெயர், வீட்டுக்குள் வழங்கிய பெயர். இழவில் பட்டப்பெயர் வாயில் வருவதில்லை. வீட்டுப் பெயரே வருகிறது.

முதலெழுத்து ஒன்றி வருவதை மோனை என்றனர் நம் யாப்பியலார். பிறப்பால் தொடர்பற்ற சொற்களையும் ஓரடிக்குள் உறவாக்கி நிறுத்துவது அது. அகராதியின் வேலையும் அதுவே. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தினார். அன்றுமுதல் பொருளால் பகைத்த சொற்களும் அண்டை வீட்டாராயின. ககரப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறோம். கங்காணி, கண், கண்டி, கண்ணகி, கண்ணீர், கந்தன். அதில் இடமில்லாத நின் பெயரை யாமே ஓரத்தில் எழுதிக்கொண்டோம்.

கண் என்பது விழி. மூங்கிலின் கணுவும் கண். முழவில் அடி விழும் வட்டமும் கண். மயிற்பீலியின் நீலப் புள்ளியும் கண். இலக்கணத்தார்க்கு அது ஏழாம் வேற்றுமை உருபு: ஊரின்கண், மலையின்கண், அவையின்கண். பார்ப்பதும் ஓரிடத்தில் இருப்பதும் நம் மொழியில் ஒரே ஒலியைப் பூண்டன. கண்ணோட்டம் என்றால் இரக்கம். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இரக்கம் அற்றவன் கண்ணறையன். உயிர் போனால் கண்ணை மூடிவிட்டார் என்கிறோம், மூடியது கண் ஒன்றே என்பதுபோல.

கண்டி அக்குடியிற் பிறந்த சொல்லன்று. சிங்களத்தில் கந்த என்றால் மலை. கந்த உட ரட, மலைமேல் நாடு, என்று அவர்கள் சொல்லக் கேட்ட போர்த்துக்கேயர், நாட்டின் பெயரை நகரின் தலையில் ஏற்றி எழுதினர். ஆங்கிலேயர் அதையே தேய்த்துச் சிறிதாக்கினர். பல்லடியிற் பிறக்கும் நகரமெய் இவ்வாறு அண்ணத்துக்கு ஏறி ணகரமெய் ஆயிற்று. சிங்களவர் நாவில் இன்றும் இது மகநுவர. பேருந்து நடத்துநரின் அவசரத்தில் வெறும் நுவர. அதற்கும் முந்தியது செங்கடகல. ஆகவே தமிழில் கண்டி என்று யாம் அழைப்பது அயலான் செவியில் திரிந்த ஓரொலி. அவ்வொலி நின் பெயரோடு மோனை பூண்டது தற்செயல். தற்செயலுக்கு அழுவார் உண்டோ என்று கேட்பார் கேட்கட்டும். பறம்பை இழந்த கபிலரும் பாரிக்குக் குருதியுறவினர் அல்லர்.

எசல மாதத்துப் பெரஹராவை நினைக்கிறோம். தலதா முன்செல்ல, நாத தேவாலயமும் விஷ்ணு தேவாலயமும் தொடர, நான்காவதாகக் கதிர்காமத்தான் வருகிறான். அவன் கந்தன். மலைக்குச் சிங்களம் வைத்த பெயரும் மலைக்கிழவனுக்குத் தமிழ் வழங்கும் பெயரும் மூவெழுத்து ஒன்றி நிற்பதை நூலோர் எப்படியேனும் விளக்கிக்கொள்ளட்டும்; நெற்றிப்பட்டம் அணிந்த யானைமேல் அவன் ஏறி வருகையில் விளக்கம் வேண்டியிருப்பதில்லை. கடைசியாகப் பத்தினி வருகிறாள். அவள் ஊர்வலத்தில் மட்டுமே பெண்கள் நடக்கின்றனர். கண்ணகி அவள். மதுரையை எரித்தவளை இம்மலை நகரம் ஆண்டுதோறும் தீப்பந்த ஒளியில் வலம் வரச் செய்கிறது. மதுரை வழி வந்த நின்னையோ வலம் வர விடவில்லை. தெய்வமாய் வந்தவர்க்கு இங்கே இடம் உண்டு, கண்ணுசாமி; மனிதனாய் வந்தது நின் பிழை.

பிழை வேறும் உண்டு. கையறுநிலை பாடுவோர் இறந்தவன் குற்றத்தை மறைப்பது மரபு; அம்மரபை இங்கே மீற வேண்டியிருக்கிறது. 1814-இல், நின்னை எதிர்த்த அமைச்சன் எஹலேபொலையின் மனைவியையும் மக்களையும் நீ கொல்வித்தாய். தமையன் அஞ்சிப் பின்வாங்க, இளையவன் மத்தும பண்டார முன்வந்து வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தான் என்று இந்நாட்டுப் பிள்ளைகள் படிக்கின்றனர். தாய் நீரில் அமிழ்த்தப்பட்டாள். அன்று நின்னிடம் கண் இருந்தது, கண்ணோட்டம் இல்லை. அதை எழுதியபின்னும் அழுகை நிற்கவில்லை என்பதே எங்கள் கையறவு.

1815 பெப்ரவரி 18. தும்பறையில், மெதமகாநுவரவை அடுத்த பொமுரேயில், ஒளிந்திருந்த வீட்டில் நின்னைப் பிடித்தனர். காட்டுக்கொடியால் கட்டி இழுத்தனர் என்பர். மார்ச் 2-இல் அரசவை மண்டபத்தில் ஆங்கிலேயரின் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. நீ வீழ்ந்தாய் என்று அது சொன்னது. மலபார் இனத்தார்க்கு இம்மலைநாட்டின்மேல் இருந்த உரிமை முற்றும் ஒழிந்தது என்று சொன்னது. நின் உறவினரான ஆண்மக்கள் இசைவின்றி இந்நாட்டுக்குள் கால் வைத்தால் பகைவர் என்றும் சொன்னது. மலபார் என்பது அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரையும் நாயக்கரையும் அள்ளிப் போட்ட ஒரே கூடை. நின் சுற்றம் வாழ்ந்த குமாருப்பே வீதியையும் மலபார் தெரு என்றே எழுதினர்.

பின் நிகழ்ந்ததைக் கேள். பத்தாண்டு நிறைவதற்குள் கம்பளைச் சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டான். கோப்பி பறிக்கக் கை வேண்டியிருந்தது. நாட்டுக்குள் நுழையலாகாது என்று எந்த இனத்தின் பெயரை எழுதினரோ, அதே பெயரால் மலபார்க் கூலிகள் என்று பதிந்து, ஆயிரமாயிரமாய் அதே மலைக்குள் நடத்திக்கொண்டு வந்தனர். அரசனாக ஒருவன் வரலாகாது. கூலியாக எத்தனை பேரும் வரலாம்.

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளையில் மலையேறினார்கள். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல். விழுந்தவர்மேல் இலைகளை மூடிவிட்டு மற்றவர் நடந்தனர். நடுகல் இல்லை, பெயர் இல்லை, முதலெழுத்தும் இல்லை. போகும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கண்டிச்சீமை. நுவரெலியாவும் அட்டனும் பதுளையும் அவர்களுக்குக் கண்டிச்சீமையே. நாட்டின் பெயரைப் போர்த்துக்கேயன் நகருக்கு ஏற்றினான். நகரின் பெயரை இவர்கள் நாடு முழுவதற்கும் விரித்துத் திருப்பிக் கொடுத்தனர். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால், அச்சொல் எந்தத் தொண்டையிலிருந்து என்ன நோவோடு வந்தது என்பதும் இன்று நம் செவிக்கு எட்டியிராது.

அவர்களை அழைத்து வந்தவன் கங்காணி. இச்சொல் மெய்யாகவே கண்ணின் வழிவந்தது. கண்காணி: கண்ணால் காண்பவன், மேற்பார்ப்பவன். சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தவனுக்கு அப்பெயர் இருந்தது. விளக்கு எரிகிறதா, நெய் அளந்தார்களா, நிவந்தம் நடக்கிறதா என்று பார்த்த கண், நூற்றாண்டுகள் கழித்துப் பெரட்டுக்களத்தின் பனியில் ஆள் குறையாமல் எண்ணும் கண்ணாயிற்று. ஊரில் கொடுத்த முன்பணம் துண்டுச்சீட்டில் கடனாக ஏறித் தோட்டம் தோட்டமாய் ஆளைத் துரத்தியது. 1921 வரை அது சட்டத்தின் நிழலில் நடந்தது. கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளை, அவனுக்கு மேலே கண்டாக்கையா, எல்லோர்க்கும் மேலே துரை. கண்டாக்கு என்பது ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்ட சொல். அதுவும் ககரப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டது. கண்ணின் குடும்பத்தில் அதிகாரம் செய்தோரே பெருகினர். இரங்கிப் பார்த்த கண் எது?

நீயோ வேலூரில் இருந்தாய். 1816 சனவரியில் கொழும்பில் கப்பலேற்றிச் சென்னை வழியே கொண்டுபோயினர். கோட்டைக்குள் நினக்கு ஒதுக்கிய மாளிகைக்குக் கண்டி மகால் என்று பெயர். ஊரைப் பறித்துக்கொண்டு ஊரின் பெயரைச் சிறைக்குச் சூட்டினர். 1832 சனவரி 30 வரை, பதினாறாண்டு, நின் கண்டி நான்கு சுவர் அளவில் இருந்தது. மலை இல்லை. ஏரி இல்லை, அகழி இருந்தது. இறந்தபின் பாலாற்றங்கரையில் நின்னை வைத்தனர். 1990-இல் அங்கே முத்துமண்டபம் எழுந்தது.

நின் கொடியின் வடிவம் திரும்பி வந்தது. இலண்டனில் செல்சி மருத்துவமனையில் கிடந்ததை ஈ. டபிள்யூ. பெரேரா தேடிக் கண்டார். நின் அரியணையும் முடியும் 1934-இல் மீண்டன. 1948-இல் இந்நாடு விடுதலை பெற்றபோது ஏற்றியது நின் வாளேந்திய சிங்கம். அதே 1948-இல், 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பரில் நடைமுறைக்கு வந்து, கண்டிச்சீமையில் தேயிலைக் கொழுந்தெடுத்தோரை நாடற்றவராக்கியது. தந்தை இம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று எங்கே என்றது. லயத்துக் காம்பிராவில் பிறந்தவனுக்கு எவன் சான்றெழுதினான்? மதுரை வழி வந்த கண்ணுசாமி, அந்த மேசையின் முன்னே நீ நின்றிருந்தால் எந்தத் தாளை நீட்டியிருப்பாய்? கொடி குடிமகனாயிற்று. கொடிக்குரியவனின் பெயரில் தொடங்கும் சீமையார் அன்னியராயினர்.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டனர். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன புகைவண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. சன்னலுக்கு உள்ளே தாய், வெளியே மகள். நீ போன திசைக்கே போயினர், கண்ணுசாமி. நினக்கு வேலூர், அவர்க்குக் கூடலூர், கோத்தகிரி. அங்கேயும் தேயிலை. அங்கே அவர்களை ஊரார் சிலோன்காரர் என்றனர். இங்கிருந்தபோது இந்தியாக்காரர். முதலெழுத்து மாறிக்கொண்டே போன பிறவி.

இருள் கூடிவிட்டது. ஹேவிசி ஓய்ந்தது. சங்கத்தார் கண்டோம் என்பதைக் கண்டிகும் என்றும் சொன்னார்கள். ஊரின் பெயர் முழுதும் அவ்வினைக்குள் அடங்கியிருப்பதை இன்றுதான் கவனிக்கிறோம். ஏரியைக் கண்டிகும். முகில்மதிலைக் கண்டிகும். யானைமேல் கந்தனையும், பின்னே கண்ணகியையும், பனிக்குள் கூடையோடு ஏறிப்போகும் பெண்களின் வரிசையையும் கண்டிகும். ககரப் பக்கம் காற்றில் புரள்கிறது.

கண்ணுசாமி, நின்னைக் கண்டிலம்.