கூப்பிட மூச்சில்லாதவர்கள்

நுரையீரல் வார்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, வலியால் துடிப்பவர் கத்துவார். காய்ச்சல்காரர் முனகுவார். மூச்சுக்குத் திணறுபவர் சத்தமே போடமாட்டார். சத்தம் போடவும் மூச்சு வேண்டுமே, அதற்கு எங்கே போவார்? ஆகவே இந்த வார்டில் யாராவது கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கும் நர்ஸ் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேருவார். கூப்பிடாமலேயே போய்ப் பார்ப்பதுதான் இங்கே நம் வேலை. பணி ஓய்வு பெற்றுவிட்ட நான் உங்களிடம் ஒப்படைக்க நினைப்பது இந்த ஒரு பாடத்தைத்தான்.

போனவுடன் மூச்சை எண்ணுங்கள். நாடி பார்ப்பதைப் போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். எண்ணப்போவதாகச் சொல்லிவிட்டால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐ எட்டினால் டாக்டரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். பக்கத்தில் போகாமலே எல்லாருக்கும் 20 என்று சார்ட்டில் எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உடம்பு மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது இந்த எண்தான். அதைப் பொய்யாக எழுதுவது, அவர் தந்த முதல் எச்சரிக்கையை நாமே அழிப்பதாகும்.

பிறகு பேச்சுக் கொடுங்கள். “சாப்பிட்டீங்களா அய்யா?” என்று கேட்டால், “காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டேம்மா” என்று ஒரே மூச்சில் சொல்பவர் ஓரளவு நன்றாக இருக்கிறார். “காலையில…” என்று நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, “ரெண்டு…” என்று மறுபடி நிறுத்துபவரை விட்டு நகராதீர்கள். கழுத்துத் தசை இழுக்கிறதா, உதடு நீலம் பூத்திருக்கிறதா, கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்படிப்பட்டவரிடம் கதை கேட்கக் கூடாது. தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேட்க வேண்டும்.

அமைதியைக் கண்டு ஏமாறாதீர்கள். கடும் ஆஸ்துமாவில் ‘வீஸ் வீஸ்’ என்று இழுத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனால், நெபுலைசர் வேலை செய்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆள் தெளிவாகப் பேசினால் சரி. சோர்ந்து கிடந்தால், காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள். அது உயிருக்கு ஆபத்தான கட்டம். அதுபோலவே நள்ளிரவில் மாஸ்க்கைப் பிடுங்கி எறியும் தாத்தாவை அடம்பிடிக்கிறார் என்று கடிந்துகொள்ளாதீர்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் மனிதர் அப்படித்தான் நடந்துகொள்வார். தூக்க ஊசி கேட்பதற்கு முன் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது தவறாகக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆக்சிஜனும் மருந்துதான், அதற்கும் அளவு உண்டு. நாள்பட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகளில் சிலருக்கு அதை அதிகமாகக் கொடுத்தால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி, மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும் என்று டாக்டர் எழுதியிருப்பார். கூட இருக்கும் மகன் பதற்றத்தில் குமிழைத் திருகி ஏற்றிவிடுவார். அவரைத் திட்டாமல், உட்காரவைத்துக் காரணம் சொல்லுங்கள். புரிந்துகொண்ட மகன் அன்றிரவு உங்களுக்கு இன்னொரு கண்ணாக இருப்பார்.

மூச்சு முட்டும்போது பயம் வரும்; பயம் வந்தால் மூச்சு இன்னும் முட்டும். அந்தச் சுழலை உடைக்க “பயப்படாதீங்க” என்ற வார்த்தை உதவாது. முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, எதிரில் அமருங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நிதானமாக விடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே செய்யுங்கள். சில நிமிடங்களில் தோள்கள் தளர்வதைப் பார்ப்பீர்கள்.

கருவிகளும் நோயாளியைப் போலத்தான், தாமாக வந்து எதையும் சொல்லாது. நெஞ்சில் குழாய் போட்டவரின் டிரெயின் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும்; எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போகும்போதும் அப்படித்தான். மூச்சுக்கேற்பத் தண்ணீர் ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். இன்ஹேலரை எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதாது. உங்கள் கண்ணெதிரே ஒருமுறை இழுக்கவைத்து, ஸ்டீராய்டு மருந்தானால் வாய் கொப்பளிக்கவும் பழக்கி அனுப்புங்கள். பலர் மருந்தைத் தொண்டையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

சிலர் நோயால் பேசாமல் இருப்பதில்லை. யாரும் கேட்காததால் பேசாமல் இருக்கிறார்கள். பீடி சிகரெட்டைத் தொட்டே அறியாத ஒரு அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. “புகைப்பழக்கம் இல்லை” என்று கேஸ் ஷீட் முடிந்துவிட்டது. “எந்த அடுப்பும்மா?” என்று கேட்டபோதுதான், கல்யாணமான நாள் முதல் ஜன்னலில்லாத சமையலறையில் விறகுப் புகையில் வெந்திருக்கிறார் என்பது தெரிந்தது. அதே அடுப்புக்கு அவரைத் திருப்பி அனுப்பினால் எந்த மருந்து நிற்கும்?

காசநோயாளியின் வாயை அடைப்பது வெட்கம். தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் சானடோரியம் தொடங்கிய காலத்தில், நோயாளியை ஊரிலிருந்து விலக்கி, நல்ல காற்றும் ஓய்வும் சத்தான உணவும் தருவதே வழியாக இருந்தது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. ஏழைகள் நெருக்கமான வீடுகளில் இருந்துகொண்டே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாலும், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமடைகிறார்கள் என்று 1959இல் வெளியான அதன் முடிவு சொன்னது. உலகமே பின்பற்றிய அந்த வழிக்குப் பின்னால், வீடு வீடாகப் போய் மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்தவர்களின் உழைப்பும் இருக்கிறது. அவர்களும் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. இன்றும் வழக்கமான டி.பி.க்கு 6 மாத மருந்து. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்துபோய், யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

இத்தனை படுக்கைக்கு ஒரு சிஸ்டர் என்றால் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆட்கள் போதவில்லை என்பதை மேலிடத்தில் உரக்கச் சொல்லுங்கள். அதுவும் நோயாளிக்காகச் செய்யும் வேலைதான். ஆனால் டியூட்டி மாறும்போது மேசையடியில் நின்று ரிப்போர்ட் புத்தகத்தைப் படித்து வார்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள். படுக்கை படுக்கையாக நடந்து, முகம் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். மிக அமைதியாக இருப்பவரிடம் முதலில் போங்கள்.