கணினி வேகமாகுது... காத்திருப்பு மட்டும் ஏன் குறையலை?

2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நெசவாளர் ஊரான அம்மையார்குப்பமும் அதே மாவட்டம்தான். முதல் கட்டத்தில் கொடுத்த பெட்டிகளில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. அன்றைய வேலைக்கு அது போதும். இன்று அதே பெட்டியில் உலாவியைத் திறந்தால், நாலு பக்கம் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் :-)

ப்ராசசருக்கு வயசாகிவிட்டதா? இல்லை. அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடுகிறது. பெருத்தது மென்பொருள். ராம் நிரம்பினால் இயங்குதளம் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளும். சுழலும் டிஸ்க்கில் தேடி எடுக்க ராமைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு நேரமாகும். அங்கேதான் சிக்கல்.

பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லவுஸ் விர்த் 1995-லேயே இதை எழுதிவிட்டார்: வன்பொருள் வேகம் கூடுவதைவிட மென்பொருள் மந்தமாவது வேகமாக நடக்கிறதாம்! அதே ஆண்டு வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி ராம். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. ஆயிரம் மடங்கு.

எல்லாமே வீண் சுமை இல்லை. விண்டோஸில் யூனிகோட் தமிழ் வந்ததே விண்டோஸ் 2000-ல்தான். பாதுகாப்புக்கும் கொஞ்சம் போகிறது. ஆனால் சில அரட்டை மென்பொருள்கள் தங்களுக்குள் ஒரு முழு உலாவியையே சுமக்கின்றனவே, அது எதற்கு? எழுதுபவருக்கு வேலை சீக்கிரம் முடிகிறது. அவர் மேசையில் புதுக் கணினி இருப்பதால் மந்தம் அவருக்குத் தெரிவதில்லை. அவர் மிச்சம் பிடித்த நேரத்தை, வேறு எங்கோ இருப்பவர்கள் காத்திருந்து கழிக்கிறார்கள்.

அம்மையார்குப்பத்துக்காரர்களுக்கு இது புரியாத கணக்கில்லை. கைத்தறியைவிட விசைத்தறி பல மடங்கு வேகம். அதனால் தறிக்காரர் சீக்கிரம் வீட்டுக்குப் போனாரா? அதே நேரத்தில் கூடுதல் மீட்டர் நெய்தார், அவ்வளவுதான். கூடிய வேகம் யாருக்குப் போகவேண்டும் என்பதைத் தறி முடிவு செய்வதில்லை.

2018 முதல் தமிழகத்தில் பொறியியல் கலந்தாய்வே ஆன்லைனில்தான். கடைசி நாளில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், போவது வெறும் ரெண்டு நிமிஷமா?

பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு எஸ்எஸ்டி மாட்டி, லேசான லினக்ஸ் போட்டால் ஓரளவு மூச்சு விடலாம். நாளை மென்பொருள் எழுதப்போகும் நண்பர்களே, எழுதியதை வெளியே விடுமுன் ஒரு தடவை 2 ஜிபி பெட்டியில் ஓட்டிப் பாருங்கள்!