கலோரி கணக்கும் ரெண்டாவது கரண்டியும்

ஓட்டல்ல சாப்பிடறவனுக்கு கலோரி கணக்கு சரிப்பட்டு வருமா, வராதா? 2023-லேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு இதைத்தான் எழுதிக்கிட்டு வரேன். இப்ப மூணாவது நோட்டு ஓடுது. அதனால கொஞ்சம் தைரியமா சொல்லலாம்னு இந்தப் பதிவு.

முதல்ல நம்ம கதை. வீட்டம்மாவுக்கு திருச்சியில வேலை, எனக்கு காரைக்கால்ல கணக்கு எழுதற வேலை. சனி ஞாயிறு தவிர மத்த நாள் மூணு வேளையும் கடைச் சாப்பாடு தான். சமைக்கத் தெரியாதான்னு கேக்காதீங்க, ரசம் சூப்பரா வைப்பேன் :-) ஆனா காலையில எட்டுக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்குத் தான் வீடு. 2023-ல ரத்தம் எடுத்துப் பார்த்ததுல மூணு மாச சராசரி சர்க்கரை 7.4. டாக்டரம்மா சொன்னது ரெண்டே விஷயம். எடையைக் குறைங்க. ஒரு நாளைக்கு 1700 கலோரிக்குள்ள நில்லுங்க.

சர்க்கரை எனக்கு மட்டும் வந்த விருந்தாளி இல்ல. அதே 2023-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தின பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு. நாட்டோட சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாடு 14.4. நம்ம புதுச்சேரி? 26.3! கோவா 26.4-ன்னு ஒரு நூல் இழையில முதலிடத்தைத் தட்டிக்கிட்டுப் போயிடுச்சு. மூணு பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்திருந்தாலும் காரைக்கால் புதுச்சேரி கணக்குல தான் வரும். அதாவது நாலு பேர் உட்கார்ற ஓட்டல் மேசையில ஒருத்தருக்கு சர்க்கரைன்னு வச்சுக்கலாம். யாருன்னு தெரியலைன்னா டீ சொல்லும்போது "சீனி இல்லாம"ன்னு குரல் வரும், பாருங்க.

சரி, 1700-ஐ எப்படி எண்றது?

ஓட்டல் மெனு கார்டுலயே கலோரி போடணும்னு நம்ம நாட்டுல ஒரு விதி இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல கொண்டு வந்து, 2022-ல அமலுக்கு வந்தது. ஆனா அது மத்திய உரிமம் வாங்கின கடைகளுக்கும், 10 இடத்துல, இல்ல அதுக்கு மேல, கிளை வச்சிருக்கறவங்களுக்கும் தான். பீட்சா, பர்கர் விக்கிற பெரிய கம்பெனிகளுக்கு அது பொருந்தும். பாரதியார் சாலையிலயோ கடற்கரைச் சாலையிலயோ ஒத்தைக் கல்லு போட்டு பரோட்டா தட்டற கடைக்கு அது எங்கே வரப் போகுது? வரவும் வேணாம், பாவம்.

போன்ல ஆப் போட்டுப் பார்த்தேன். "சாம்பார் ஒரு கிண்ணம்"னு கேக்குது. யாரோட கிண்ணம்? நம்ம மெஸ்ல சாம்பார் வாளியில வருது!

அப்புறம் தான் புத்தகம் பக்கம் போனேன். 1918-ல குன்னூர்ல மெக்காரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பிச்ச ஆய்வுக்கூடம் தான் இன்னிக்கு ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1937-ல அய்க்ராய்ட்ங்கறவர் அங்கேர்ந்து நம்ம நாட்டு உணவுகளோட சத்து அட்டவணையை வெளியிட்டார். 1971-ல நம்ம சேலத்துக்காரர் டாக்டர் சி. கோபாலனும் கூட இருந்தவங்களும் அதைப் பெருசாக்கிப் போட்டாங்க. ரொம்ப வருஷம் டாக்டருங்க மேசையில கிடந்த புத்தகம் அது. 2017-ல 528 உணவுப் பொருளை வச்சு புது அட்டவணை வந்தாச்சு. அதுல கலோரி இல்ல, கிலோ ஜூல். 4.184-ஆல வகுத்துக்கணும். எனக்குப் பழசே வசதியா இருக்கு.

பழைய அட்டவணைப்படி 100 கிராம் அரிசி 345 கலோரி. மைதா 348. உளுந்து 347. எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்துல நிக்குது பாருங்க. தனியா நிக்கிறது எண்ணெய் தான். கிராமுக்கு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில கிட்டத்தட்ட 125.

ஆனா அட்டவணை எல்லாம் பச்சைப் பொருளுக்கு. தட்டுல வர்றது பரோட்டா. நடுவுல எவ்வளவு மைதா, எவ்வளவு எண்ணெய்னு யார் சொல்லுவா?

இங்க தான் என் தொழில் புத்தி வேலை செஞ்சுது. ஓட்டல்காரருக்குத் தெரியாம இருக்குமா? கிலோவுக்கு எத்தனை வருதுன்னு தெரியாம எவனாவது கடை நடத்த முடியுமா? அவர் காசுக்கு வச்சிருக்கற கணக்கு தான் நமக்கு வேண்டிய கலோரி கணக்கும். கேட்டா முடிஞ்சுது.

வழக்கமாப் போற பரோட்டாக் கடையில கூட்டம் கம்மியா இருந்த நேரமாப் பார்த்து மெதுவா ஆரம்பிச்சேன்.

"நானா, ஒரு கிலோ மைதாவுக்கு எத்தனை பரோட்டா வரும்?"

"என்ன தம்பி, கடை வைக்கப் போறியளா?"

"அட இல்ல நானா, சும்மா தான்."

"பதினாறு வரும். பெருசாத் தட்டினா பதினாலு."

"எண்ணெய்?"

"பெசையிறது, ஊற வைக்கிறது, கல்லுல விடறது எல்லாம் சேர்த்து கிலோவுக்குக் கால் லிட்டர் குடிச்சிடும் தம்பி."

போதும். 1000 கிராம் மைதா 3480 கலோரி. கால் லிட்டர் எண்ணெய் 230 கிராம்னு வச்சா 2070. ரெண்டையும் கூட்டி 16-ஆல வகுத்தா ஒரு பரோட்டா கிட்டத்தட்ட 350. மூணு பரோட்டா 1050. மேல மிதக்கற எண்ணெயோட சால்னா தனி. கொத்துன்னா ரெண்டு பரோட்டா, ஒரு முட்டை, கல்லுல விடற எண்ணெய்னு 900-ஐத் தொடும். ஒரு நாளைக்கு 1700-ன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கறவனுக்கு எப்படி இருக்கும்?

அதே மாதிரி காலை டிபன் கடை. ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்துக்கு அம்பது இட்லின்னாங்க. ஒரு இட்லி 86. அதே மாவுல தோசைன்னா முப்பது. தோசை 145, எண்ணெயோட 185. நெய் ரோஸ்ட்னா இன்னும் ஒரு நூறு, நூத்தி இருபத்தஞ்சு சேர்த்துக்கணும். மதியம் மெஸ்ல முழுச் சாப்பாடுன்னா ஒரு கிலோ அரிசியில அஞ்சு பேர். சோறு மட்டுமே 690. அளவுச் சாப்பாடுன்னா எட்டு பேர். 430.

அளவுச் சாப்பாடு! இந்த வார்த்தையை எத்தனை வருஷமா போர்டுல பார்த்துக்கிட்டு இருக்கோம். காசு கம்மின்னு சாப்பிடறதுன்னு தான் நினைப்பு. அமெரிக்காவுல 2018-ல சங்கிலி ஓட்டல்களுக்கும், இங்கிலாந்துல 2022-ல பெரிய ஓட்டல்களுக்கும் மெனுவுல கலோரி போடச் சொல்லி சட்டம் வந்துச்சு. நம்ம ஊர் போர்டுல நம்பர் இல்லையே தவிர, அளவு இருக்கு.

இந்தக் கணக்கு துல்லியமான்னு கேட்டா, இல்ல. சட்டப்படி போடற கணக்கும் துல்லியம் இல்ல. அமெரிக்காவுல ஒரு குழு ஓட்டல் சாப்பாடுகளை வாங்கி ஆய்வுக்கூடத்துல அளந்து 2011-ல முடிவு போட்டாங்க. மொத்தத்துல சராசரி சரியா இருந்துச்சு. ஆனா தனித்தனியாப் பார்த்தா நூத்துல 19 பண்டத்துல போட்டிருந்ததை விட 100 கலோரியாவது அதிகம். சாப்பிடற நம்ம கணக்கு அதை விட மோசம். 1992-ல வந்த ஒரு ஆய்வுல, "நான் கம்மியாத்தான் சாப்பிடறேன், எடை குறைய மாட்டேங்குது"ன்னு சொன்னவங்களை அளந்து பார்த்தாங்க. நிஜமா சாப்பிட்டதுல பாதிக்குக் கொஞ்சம் மேல தான் கணக்குல காட்டியிருந்தாங்க! கிட்டத்தட்ட பாதி, மறதியில போயிடுச்சு.

அப்ப எதுக்கு இந்த நோட்டு? என் பதில் இது தான். தராசு அம்பது கிராம் தப்பாக் காட்டினாலும், தினமும் அதே அம்பது கிராம் தப்பாக் காட்டினா உபயோகமான தராசு தான். அதே கடை, அதே கரண்டி, அதே கை. நேத்தைக்கு இன்னிக்கு கூடுதா குறையுதான்னு தெரிஞ்சா போதும். பத்து கடைக்கு மாறி மாறிப் போறதை விட்டுட்டு மூணு கடையில நின்னதே அதுக்காகத்தான். நோட்டுல எனக்கே ஆச்சரியமா இருந்தது பரோட்டா கூட இல்ல, டீ! பாலும் சீனியுமா கிளாசுக்கு 90. ஆபீஸ்ல நாலு டீ குடிச்சா 360. ஒரு பரோட்டா காணாமப் போன இடம் அது.

அடுத்து, எல்லை தாண்டி நம்ம ஊருக்கு எதுக்கு வண்டி வண்டியா வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரியும் :-) அந்தக் கணக்கையும் போட்டுடுவோம். ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி. எண்ணெய்க்கு அடுத்த இடம். 42.8 சதவீத சரக்குல ஒரு குவார்ட்டர் 425 கலோரி. தொட்டுக்க வர்ற சில்லி சிக்கன், கடலை எல்லாம் இதுல சேர்க்கல. "நான் ராத்திரி சாப்பாடே சாப்பிடறதில்ல"ன்னு சொல்ற நண்பர்கள் கவனிக்க.

நம்பர் எல்லாம் சுலபம். கஷ்டம் எங்கேன்னா, பரிமாறறவங்க முகத்தைப் பார்த்து "போதும்"னு சொல்றதுல.

நான் போற மெஸ்ஸை நடத்தறது ஒரு அக்கா. அளவுச் சாப்பாட்டுக்கு மாறின முதல் வாரமே பக்கத்துல வந்து நின்னுட்டாங்க. "என்ன தம்பி, குழம்பு சரியில்லையா? இன்னும் ஒரு கரண்டி வைக்கிறேன், காசு வேணாம்." இதுக்கு எந்த ஆப்ல பதில் இருக்கு? இலையை மூடினா அவமரியாதை. வாங்கிக்கிட்டா 100 கலோரி.

நம்ம ஊர்க் கதையே ரெண்டாவது பரிமாறல்ல தானே ஆரம்பிக்குது? பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பினது ரெண்டு மாம்பழம். ஒண்ணை அம்மையார் அடியாருக்குக் குடுத்தாச்சு. மிச்சம் இருந்த ஒண்ணை இலையில வச்சாங்க. சாப்பிட்டவர் ருசியில "இன்னொண்ணு வை"ன்னார். அந்த இன்னொண்ணுல தான் எல்லாமே மாறிச்சு. ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுல மாடியிலேர்ந்து மாம்பழம் இறைக்கும்போதெல்லாம் எனக்கு இது தான் ஞாபகம் வரும். கடைசியில உடம்பே வேண்டாம்னு உதறிட்டு எலும்பும் தோலுமா நின்ன அம்மையாரோட ஊர்ல உட்கார்ந்து நாம எடை பார்த்துக்கிட்டு இருக்கோம்!

அக்காகிட்ட உள்ளதைச் சொன்னேன். "சர்க்கரைக்கா." ஒரு நிமிஷம் பேசல. "எங்க வீட்டுக்காரருக்கும் தான்"னாங்க. இப்ப எனக்கு சோறு குறைச்சு, பொரியல் ரெண்டு தரம் வைக்கிறாங்க. அதே காசு. போன மாசம் பார்த்தா என்னைத் தவிர இன்னும் மூணு பேருக்கு அதே மாதிரி வச்சுக்கிட்டு இருந்தாங்க. போர்டு எதுவும் மாறல. மெனு கார்டே கிடையாது.

பரோட்டாவை வில்லன் ஆக்கறதுக்காக இதெல்லாம் எழுதல. ராத்திரி கடையில எனக்கு எதிர்ல ஒருத்தர் உட்காருவார். பகல் முழுக்க லோடு இறக்கற வேலை. ஆறு பரோட்டாவை சால்னாவுல ஊறப் போட்டு சாப்பிடுவார். 2100 கலோரி. ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல போட்ட கணக்குப்படி, உட்கார்ந்து வேலை பாக்கற ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110. கடினமா உழைக்கிற ஆணுக்கு 3470. அதாவது அவரோட ராத்திரிச் சாப்பாடு எனக்கு முழு நாள் கணக்கு, அவருக்கு அது ஒரு வேளை தான். அவர் கூலிக்கு இவ்வளவு தெம்பை இவ்வளவு மலிவா வேற எந்தப் பண்டமும் தராது.

குன்னூர்ல அந்த அட்டவணையைப் போட்டவங்க மனசுல இருந்ததும் அவரை மாதிரி ஆளுங்க தான். அய்க்ராய்ட் வங்காளப் பஞ்சத்தை விசாரிச்ச கமிஷன்லயும் உறுப்பினரா இருந்தவர். ஏழைக்கு நாளைக்கு இவ்வளவாவது கிடைக்குதான்னு பாக்கறதுக்காக எண்ணின எண்ணிக்கை அது. அதே பக்கத்தைப் புரட்டி, இதுக்கு மேல போயிடக் கூடாதேன்னு நான் கணக்குப் போடறேன். சில ராத்திரி நோட்டை மூடும்போது இது கொஞ்சம் உறுத்தும். உறுத்தினாலும் ஒண்ணு புரியுது. ஒரே கல்லுல வர்ற ஒரே பரோட்டா, எதிரெதிர்ல உட்கார்ந்திருக்கற ரெண்டு பேருக்கு ஒண்ணு இல்ல. மெனுவுல நம்பர் போட்டாலும் அது எனக்கு எவ்வளவுன்னு நான் தான் எழுதணும்.

இன்னிக்கு நிலவரம்: 86 கிலோ 79-க்கு வந்திருக்கு. சர்க்கரை 6.6. வாரத்துல ஒரு நாள் ரெண்டு பரோட்டா உண்டு, சால்னாவுக்குப் பதிலா ஆம்லெட். நானா இப்பவும் கேக்கறார், "கடை எப்ப தம்பி தொறக்கறிய?"

நீங்களும் வழக்கமாப் போற கடையில கிலோவுக்கு எத்தனைன்னு ஒரு தரம் கேட்டுப் பாருங்க. கூட்ட நேரத்துல கேக்காதீங்க, கரண்டி பறக்கும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, கணக்கப்பிள்ளை. மாத்திரை, இன்சுலின் எடுத்துக்கறவங்க டாக்டரைக் கேக்காம சாப்பாட்டைக் குறைக்காதீங்க. சர்க்கரை திடீர்னு இறங்கினா அது வேற வம்பு.